பீரங்கிக் குண்டின் இரு வேகங்கள்

மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் தவறாமல் இடம்பெறும் கணக்கு இது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், தரையோடு 30 பாகை சாய்வில் ஒரு பந்து எறியப்படுகிறது; எங்கே விழும்? வேகத்தை இரு கூறுகளாகப் பிரிக்க வேண்டும். செங்குத்துக் கூறு நொடிக்கு 10 மீட்டர், கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 17.3 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், பந்து ஒரு நொடி ஏறி மறு நொடி இறங்கும். எட்டும் உயரம் 5 மீட்டர். அவ்விரு நொடிகளிலும் கிடைத்தளக் கூறு சற்றும் குறைவதில்லை. ஆகவே 34.6 மீட்டர் தொலைவில் விழும்.

சந்தையில் மீனைக் கூறு போடுவதுபோல் அத்தனை எளிதாக வேகத்தைக் கூறு போட்டுவிடுகிறோம். ஆனால் அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு இந்த இடத்துக்கு வந்துசேர ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின.

அவர் வகுத்தவை இரண்டு: தன் இடம் நாடி விழும் இயல்பு இயக்கம், பிறர் விசையால் நிகழும் வலிந்த இயக்கம். இவ்விரண்டும் ஒரே கணத்தில் ஒரு பொருளில் கலக்கவே முடியாது என்று 1537இல் வெளியான தம் நூலில் உறுதிபடச் சொன்னவர் வெனிஸ் நகரத்துக் கணித ஆசிரியர் தார்த்தாலியா. எனவே அவர் கணித்த குண்டு முதலில் நேர்கோட்டில் பாய்ந்து, வட்ட வில்லாக வளைந்து, பின் செங்குத்தாக வீழ்ந்தது. ஆயினும் 45 பாகையில்தான் நெடுக்கம் மிகும் என்ற சரியான முடிவை அவர் எட்டியிருந்தார் என்பது வியப்பு. 1512இல் பிரெஞ்சுப் படை பிரெஷியா நகரைச் சூறையாடியபோது, சிறுவனாக வாள்வெட்டுப்பட்டுத் திக்குவாய் ஆனவர். 'திக்குவாயன்' என்பதே அவர் பெயரின் பொருள். கொலைக்கருவியின் கணக்கை எழுதுவதற்கு நாணித் தம் தாள்களை எரித்ததாகவும், துருக்கியப் படையெடுப்பின் அச்சத்தால் மீண்டும் எழுதியதாகவும் நூலின் காணிக்கையுரையில் அவரே சொல்கிறார்.

முடிச்சை அவிழ்த்தவர் கலிலியோ. 1608ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அவருடைய கைத்தாள் ஒன்றை ஸ்டில்மன் டிரேக் என்னும் ஆய்வாளர் 1973இல் வெளிப்படுத்தினார். சாய்தளத்தில் உருண்டுவந்த குண்டு, 828 புள்ளி உயரமுள்ள மேசையிலிருந்து கிடைமட்டமாகப் பாய்ந்து விழுகிறது. (ஒரு புள்ளி என்பது மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.) எவ்வளவு விரைந்து பாய்ந்தாலும் தரைக்கு விழும் நேரம் ஒன்றே என்றால், விழுந்த தொலைவு கிடைத்தள வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கவேண்டும். 300 புள்ளி உயரத்திலிருந்து உருட்டியபோது 800 புள்ளி தள்ளி விழுந்தது. 600இலிருந்து உருட்டினால் 1131 என்பது கணக்கு, அளந்தது 1172. வித்தியாசம் 41 என்று தாளிலேயே குறித்துவைத்திருக்கிறார். கணக்கோடு முழுமையாகப் பொருந்தாத அளவை மறைக்காமல் எழுதிவைத்த அந்தக் கைதான் எனக்கு அவருடைய புகழ்மொழிகளைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

அது அச்சேற முப்பதாண்டுகள் ஆயின. 1633 விசாரணைக்குப் பின் வீட்டுக்காவலில் இருந்தவரின் நூல் 1638இல் ஹாலந்தின் லெய்டனில் வெளிவந்தபோது அவருக்குப் பார்வை போயிருந்தது. அதன் நான்காம் நாள் உரையாடலில், சீரான கிடைத்தள இயக்கமும் முடுக்கமுறும் வீழ்ச்சியும் ஒன்றையொன்று தொடாமல் சேர்ந்து பரவளையத்தை வரைகின்றன என்று நிறுவுகிறார். உடனே எதிர்ப்பும் எழுகிறது: காற்று தடுக்காதா? நூலில் அவர் தரப்பைப் பேசும் சல்வியாத்தி அதை மறுக்கவில்லை. பீரங்கியின் அசுரவேகத்தில் பாதை திரிந்துபோகும் என்றே ஒப்புக்கொள்கிறார். நம் பாடநூல்களோ 'காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்' என்று அடைப்புக்குறிக்குள் முடித்துக்கொள்கின்றன.

அந்த அடைப்புக்குறியைப் பிரித்துப் பார்த்தவர் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ். ஊசலாகத் தொங்கவிட்ட மரக்கட்டையில் சுட்டு, அது பின்வாங்கிய அளவிலிருந்து குண்டின் வேகத்தைக் கண்டார்: துப்பாக்கிக் குண்டு நொடிக்குச் சுமார் 1700 அடி. 45 பாகையில் சுட்டால் பரவளையக் கணக்கின்படி அது 17 மைல் செல்லவேண்டும். நடைமுறையில் அரை மைலைக்கூட எட்டவில்லை என்று 1742இல் எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியக் கோட்டைகளைச் சீரமைக்க அவரை அனுப்பியது. 1750இல் வந்து சேர்ந்தவர், மறு ஆண்டு ஜூலையில் நம் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்துபோனார்.