வைர பரீட்சை

மணமகளுக்கு வைரத்தோடு பூட்டி அனுப்புதல் நம்மவர் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாதலின், அக்கல்லைச் சோதிக்கும் முறை வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறப்புகுகின்றாம்.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், மதுரை மாநகரத்து இரத்தின வணிகரைக் கூறுமிடத்து, காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் குற்றங்கள் நீங்கிய வைரம் பேசப்படுகின்றது. வடமொழி நூலாரோ நல்ல வைரம் நீரில் மிதக்கும் என்றும் எழுதிவைத்தனர். நீரினும் மூன்றரை மடங்கு கனமான கல் எங்ஙனம் மிதக்கும்? ஏட்டிற் கண்டதையெல்லாம் நம்புதல் எம்மனைய பண்டிதர்க்கும் ஆகாது.

1905-ஆம் ஆண்டில் பாரீஸ் நகரத்தில் லெமுவான் என்பான், உலையிலிட்டு வைரம் சமைப்பதாகக் காட்டி, டிபீர்ஸ் கம்பெனியைச் சார்ந்த சர் ஜூலியஸ் வெர்னரிடம் பெரும்பொருள் பறித்தான். 1908-இல் வழக்கு எழுந்தபின், அவன் உலையினின்று எடுத்துக் காட்டியவை இயற்கைக் கற்களே என்பது வெளிப்பட்டது. இயற்கையைச் செயற்கையென்று காட்டி ஏய்த்த விநோதம் அது! இந்நாளைய மோசமோ இதற்கு நேர்மாறானது.

1953-இல் ஸ்வீடனிலும், 1954-இல் அமெரிக்காவிலும் மெய்யாகவே வைரம் சமைக்கப்பட்டது. அதுவும் கரியணுக்களாலாகிய வைரமேயாம். விலைதான் மிகத் தாழ்வு. அறிந்து வாங்குவார்க்கு அதனாற் குறையொன்றுமில்லை. ஆயின், கடைக்காரர் வெப்பம் அறியும் எழுதுகோற் கருவியைக் கல்லின்மேல் வைத்து, "வைரமே" என்று காட்டினால், அவர் சொல் பொய்யாகாது. ஆயினும் கல் பிறந்த இடத்தை அக்கருவி அறியாது.

பூமியின் ஆழத்திற் பல கோடி ஆண்டுகள் வெந்துகிடந்த கல்லில், கலந்துள்ள நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து இரண்டும் நான்குமாகக் கூடுகின்றன. சில நாளிலோ வாரத்திலோ சமைத்த கல்லில் அவை பெரும்பாலும் தனித்து நிற்கும், அன்றி இல்லாதே போம். அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி இதனைக் காண்பர். இயற்கைக் கற்களிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு நைட்ரஜன் அற்றனவாதலின், அத்தகையவற்றைப் புறவூதா ஒளியில் வைத்து, வளர்ந்த தடங்களை நோக்கித் துணிவர்.

இயற்கைக் கல்லை நிறம் மாற்றுதலும் உண்டு. சர் வில்லியம் குரூக்ஸ் ரேடியத்திடையே வைத்த கற்கள் பச்சையாயின. பழுப்புக் கல்லைப் பேரழுத்தத்தில் வெதுப்பி வெண்மையாக்கியவை 1999 முதல் சந்தைக்கு வந்தன. இவற்றையும் ஆய்வுச்சாலையிலேயே அறிதல் கூடும்.

தோட்டிற் பதித்துவிட்ட கல்லை முற்றச் சோதித்தல் அரிது. ஆதலின் பதிக்குமுன்னரே சான்றிதழ் பெறுக. அதன் எண் கல்லின் விளிம்பிற் பொறித்திருப்பின், உருப்பெருக்கியால் ஒத்துப்பார்த்துக்கொள்க.