முத்தும் சங்கும்

முத்துக் குளித்தலைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் முத்தின் பக்கமே நின்றுவிடுகின்றனர். கொற்கையின் கீர்த்தியும் காயல் துறையில் வந்திறங்கிய அரபுக் குதிரைகளும் பலமுறை எழுதப்பெற்றவை. மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்றவனின் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதையே ஈண்டு நோக்க விழைகிறோம். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் இத்தொழிலில் ஈடுபட்டோருள் பரதவரோடு நம் சமுதாயத்தவரும் பெருந்தொகையினர் அன்றோ!

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பெற்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பொன்று, கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக் குளித்தனர் என்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவோ வணிகர்கள் கூலிக்கு ஆள் அமர்த்தியதைக் கூறுகிறார். மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. போர்த்துக்கீசியரும் 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும் கல்லைக் கணக்கெடுத்தனர். குளியாளி விரைந்து அமிழ்வதற்குப் பற்றிச் செல்லும் பாறைக்கல்லே அது. தோணியில் எத்தனை கல்லோ, அத்தனைக்கு வரி. மதுரை நாயக்கர்க்கும் சேதுபதிக்கும் வரியில்லாக் கற்கள் இருந்தன. கரையில் இருந்தோர்க்கெல்லாம் கடலில் கல் இருந்தது!

ஆங்கிலேயர் காலத்தில் குளியாளிக்கு மூன்றிலொரு பங்கு சிப்பி கிடைத்தது. எஞ்சியதை அரசு மாலைதோறும் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவென்று ஏலம் விட்டது. இலங்கையின் மரிச்சுக்கட்டியில் 1905ஆம் ஆண்டு நடந்த சலாபம் நினைக்கத்தக்கது. ஆளரவமற்ற மணற்கரையில் ஓலைக் குடிசைகளாலான நகரமொன்று எழுந்தது. கடைவீதி, மருத்துவமனை, நீதிமன்றம் யாவும் அங்கு வந்தன. கீழக்கரை முஸ்லிம்களும் அரபியரும் யாழ்ப்பாணத்தாரும் தூத்துக்குடிப் பரதவரும் ஒரே பாரில் மூழ்கினர். ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு வருவாய் 25 இலட்ச ரூபாய். மறு ஆண்டே அக்கடலை ஒரு கம்பெனி 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பியே இல்லை, கம்பெனி கலைந்தது.

சிப்பியின் இயல்பு அத்தகையது. அதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து பாரில் ஒட்டினால் உண்டு. மணல் மூடினாலோ மீன் தின்றாலோ பார் முழுவதும் வெறிச்சோடும். தூத்துக்குடியில் 1928க்குப் பின் 1955 வரை சலாபமே நடைபெறவில்லை. 1961உடன் அதுவும் முடிந்தது. இருபத்தேழு ஆண்டுகள் முத்தை நம்பி எந்தக் குடும்பம் உயிர் வாழும்?

வாழவைத்தது சங்கு. மணற்பாங்கான கடலடியில் ஊரும் அது ஆண்டுதோறும் கிடைத்தது. கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் மூட்டை மூட்டையாகச் சென்று வளையலாக அறுபட்டது. வங்கத்து இந்துப் பெண்ணின் மணக்கோலத்திற்கு இன்றியமையாத சங்கு வளையல், கீழக்கரைக் குளியாளியின் மூச்சிலிருந்து பிறந்தது என்பதை அங்குள்ளோர் அறிந்திருப்பரோ, அறியோம். ஆனால் சங்கும் எடுத்தவனுக்கு உரியதன்று. தூத்துக்குடிப் பகுதியில் அரசின் ஏகபோகம். சேதுபதி சமஸ்தானக் கடலில் குத்தகை. எடுத்ததைக் குறித்த விலைக்கே ஒப்படைக்க வேண்டும். முத்து வணிகரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. சங்கு குளித்தவரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

சங்கோடு கடலட்டையும் இக்கரைக்குச் சோறிட்டது. உள்ளூரில் எவரும் உண்ணாத அதனை வேகவைத்து உலர்த்தி, சீனர் உணவுக்காகச் சிங்கப்பூருக்கு ஏற்றுமதி செய்தனர். பெரியபட்டினம், வேதாளை, கீழக்கரை ஆகிய ஊர்களில் பல இல்லங்களின் வருவாய் அதுவே. 1986இல் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. 2001இல் கடலட்டை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருந்த அதே அட்டவணையில், சேர்க்கப்பட்டது.

கடலட்டை அருகி வந்ததை நாம் மறுக்கவில்லை. பருவம் வகுத்திருக்கலாம், அளவு குறித்திருக்கலாம், குளியாளியை அழைத்துக் கேட்டிருக்கலாம். கடலடியை அவனினும் நன்கறிந்தவர் யாவர்? இலங்கைக் கரையில் அரசின் உரிமச்சீட்டோடு கடலட்டைக்கு மூழ்குகின்றனர். இக்கரையில் அதே கடலில் அதே உயிரை எடுப்பவனுக்குச் சிறை காத்திருக்கிறது.