சத்தம் முந்தியது, சேதி பிந்தியது

நம்ம பகுதியில் விபத்தை முதலில் சொல்வது அரசாங்கம் இல்லை, சத்தம்தான். வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி பக்கம் எந்த ஊரில் இருந்தாலும் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து, புகை எந்தத் திசையில் எழும்புது என்று பார்ப்போம். மகளோ மருமகளோ வேலைக்குப் போன பயர் ஆபீஸ் அந்தப் பக்கமா என்று மனசு கணக்குப் போடும். கால் தானாக ஓடும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியிலும் அப்படித்தான் ஓடினார்கள். ஓம்சக்தி பட்டாசு ஆலையில் நடுப்பகலில் தீப்பிடித்தது. தீபாவளிக்கு முந்தைய மாதங்கள், சரக்கு நிறைந்திருக்கும் காலம். சுற்றுவட்டாரத்து ஆட்கள் காப்பாற்றவும் பார்க்கவும் கிட்டே போனார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய வெடிப்பு. ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை.

வேடிக்கை பார்க்கப் போய்ச் செத்தாங்க என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு ரூம் வெடித்தால் அந்தச் சூட்டில் அடுத்த ரூமும், சரக்கு அடுக்கிய இடமும் பின்னாலேயே வெடிக்கலாம். மருந்து கலக்குற ஆளுக்கு இது தெரியும். ரோட்டில் போகிறவருக்கு யார் சொன்னது? அந்த ஆலையின் உரிமம், ஆய்வில் குறை கண்டு அப்போதுதான் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. உத்தரவு தாளில் இருந்தது, உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது.

போபாலிலும் இதே கதைதான். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி விஷவாயு கசிந்தபோது, ஊருக்குக் கேட்கும் சங்கை ஊதிய கொஞ்ச நேரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்ளுங்கள் என்கிற ஒரு வார்த்தை முன்கூட்டியே போயிருந்தால் எத்தனையோ உயிர் தப்பியிருக்கும். அதன் பிறகு 1989-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் பெரிய ஆலைகளைச் சுற்றி இருக்கிற மக்களுக்கு, விபத்து நடந்தால் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும் என்கிறது அது.

2021 பிப்ரவரி 12, அச்சங்குளம் விபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பிரதமர் 2 லட்சம், முதலமைச்சர் 3 லட்சம் என்று நிவாரண அறிவிப்பு உடனே வந்தது. வரட்டும், வேண்டியதுதான். நிவாரணச் சேதிக்கு இருக்கிற வேகம் எச்சரிக்கைச் சேதிக்கு இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஊருக்குச் சேதி சொல்ல முன்பு தண்டோரா இருந்தது. 2022-இல் அரசு அதை நிறுத்தி, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லச் சொன்னது. மனுசரைத் தாழ்த்தும் அந்த வழக்கம் போனது நல்லது. கொரோனா காலத்தில் குழுப் பெண்கள் முகக்கவசம் தைத்தார்கள், பல தெருக்களில் சேதியையும் அவர்களே கொண்டுபோனார்கள். 2023-இல் அலறல் சத்தத்தோடு போனில் ஒரு சோதனைச் சேதி வந்ததே, ஞாபகம் இருக்கா? ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்ப அதில் வழி உண்டு. கிட்டே வராதீங்க என்று ஊருக்குச் சொல்ல அது உதவும்.

ஆனால் பயர் ஆபீஸுக்குள் போன் கொண்டுபோகக்கூடாது. உள்ளே இருக்கிற மகள் "நான் நல்லாருக்கேன்" என்று சொல்ல வழியில்லை. அதனால், வராதீங்க என்றாலும் தாய் ஓடத்தான் செய்வாள். அவளுக்கு வேண்டியது ஒரு பெயர். இன்றைக்கு யார் யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்று தள்ளி ஓர் இடத்தில் நின்று வாசிக்க ஆள் இருந்தால், அவள் அங்கே போவாள். வருகைப் பதிவேடு ஆலைக்குள்ளேயே இருந்தால் அதுவும் சேர்ந்து எரியும். தினமும் காலையில் அதன் நகல் ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று, வருகிற நவம்பர் 1 கிராம சபையில் நம்ம குழுக்கள் சேர்ந்து தீர்மானம் கேட்கலாம்.