தறி அட்டையிலிருந்து ஆணைக் கோப்பு வரை

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையிலோ இராசிபுரத்திலோ ஒரு தறிக் கொட்டகையை நீங்கள் எட்டிப் பார்த்திருக்கக் கூடும். தறிக்கு மேலே ஒரு பெட்டி. அதிலிருந்து மாலை போலத் தொங்கும் அட்டைச் சரம். ஒவ்வோர் அட்டையிலும் வரிசை வரிசையாகத் துளைகள். ஊடை ஒரு முறை ஓடினால் ஓர் அட்டை நகர்கிறது. மீண்டும் ஓடினால் அடுத்த அட்டை. சேலையின் கரையில் மாங்காயும் மயிலும் இழை இழையாக எழுகின்றன. பாவில் எந்த இழையைத் தூக்குவது, எதை விடுவது என்று நெசவாளர் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த எண்ணம் முழுவதும் அட்டையில் முன்னரே எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

கணிப்பொறியிலும் இத்தகைய ஓர் ஏற்பாடு உண்டு. அதற்குப் 'பேட்ச் பைல்' என்று பெயர். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய ஆணைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்துவிட்டால் போதும். கோப்பின் பெயரைச் சொன்னதும் கணிப்பொறி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தானே செய்து முடித்துவிடும். தறி அட்டைக்கும் இந்தக் கோப்புக்கும் உள்ள உறவு வெறும் உவமை அன்று, வரலாற்று உண்மை. அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

துளை இருந்தால் 'ஆம்'

பிரான்சு நாட்டின் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்கே பூ வேலை செய்யும் தறிகளில் நெசவாளருக்குத் துணையாக ஒரு சிறுவன் இருப்பான். எந்த எந்தக் கயிற்றை எப்போது இழுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து, நாள் முழுதும் கயிறுகளை இழுத்துக் கொண்டிருப்பதே அவன் வேலை. அந்தச் சிறுவனின் நினைவைக் காகிதத்திற்கு மாற்ற முடியாதா என்று பலர் முயன்றனர். 1725இல் பாசில் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளில் ஃபால்கோன் சுருளுக்குப் பதிலாக அட்டைகளைச் சரமாகக் கோத்தார். 1804இல் ஜோசப் மாரி ஜக்கார்டு இவற்றையெல்லாம் இணைத்து, நடைமுறைக்கு ஏற்ற ஒரு பொறியை உருவாக்கினார். நம் ஊர்த் தறிகளில் இன்றும் 'ஜக்கார்டு' என்று வழங்குவது அவர் பெயரே.

அது இயங்கும் முறை மிக எளியது. ஒவ்வொரு பாவு இழைக்கும், அல்லது சில இழைகளுக்கு ஒன்றாக, ஒரு கொக்கி உண்டு. ஒவ்வொரு கொக்கிக்கும் ஓர் ஊசி உண்டு. அட்டை வந்து ஊசிகளின் முனையில் அழுந்தும்போது, துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும். கொக்கி தன் இடத்திலேயே நிற்கும். மேலே எழும் தகடு அதைத் தூக்கிச் செல்லும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும். கொக்கி தகட்டிலிருந்து விலகிவிடும். அதன் இழை கீழேயே தங்கிவிடும். துளை இருந்தால் 'தூக்கு', இல்லையேல் 'விடு'. இரண்டே சொற்கள் கொண்ட மொழி இது. இன்றைய கணிப்பொறி 1, 0 என்று பேசுவதும் இதே மொழிதான்.

ஒரு பூவுக்கு 200 ஊடை இழைகள் தேவை எனில் 200 அட்டைகள் வேண்டும். கடைசி அட்டையை முதல் அட்டையுடன் சேர்த்துக் கட்டிவிட்டால் சரம் வளையமாகிவிடும். அதே பூ சேலை முழுதும் திரும்பத் திரும்ப வரும். இந்த வளையத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் சந்திப்போம்.

எண்களை நெய்ய முயன்றவர்

1830களில் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞர் ஒரு கணக்கிடும் பொறிக்குத் திட்டம் வகுத்தார். என்ன கணக்கு, எந்த வரிசையில் செய்வது என்பதைப் பொறிக்கு எப்படிச் சொல்வது? அவர் தேர்ந்தெடுத்தது ஜக்கார்டு அட்டை! 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் தம்மிடம் வைத்திருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. அவருடைய பொறி முழுமையடையவில்லை. ஆயினும் அதற்காக அடா லவ்லேஸ் அம்மையார் 1843இல் வெளியிட்ட குறிப்புகளில், பெர்னூலி எண்களைக் கணக்கிடும் படிகள் ஒழுங்காகத் தரப்பட்டிருந்தன.

அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளையும் மின்சாரத்தையும் இணைத்தார். துளை உள்ள இடத்தில் மின்சுற்று மூடும். எண்ணி ஒரு படி நகரும். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சிலவற்றுடன் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்ற பெயரைப் பெற்றது.

ஓர் ஈடு வேலை

'பேட்ச்' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? அடுப்பில் இட்லி வைக்கும்போது 'முதல் ஈடு', 'இரண்டாம் ஈடு' என்கிறோமே, அந்த 'ஈடு'தான் பேட்ச்! ஒவ்வோர் இட்லிக்கும் தனித்தனியாக அடுப்பு மூட்டுவதில்லை. தட்டுகளை நிரப்பி ஒரேயடியாக வேக வைக்கிறோம்.

1950களில் கணிப்பொறி மிகவும் விலை உயர்ந்த அடுப்பாக இருந்தது. ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் தம் அட்டைக் கட்டை எடுத்துவந்து பொருத்தும் வரை அது வீணே காத்திருந்தது. எனவே பலருடைய அட்டைக் கட்டுகளையும் சேர்த்து ஓர் ஈடாக ஏற்றும் வழக்கம் வந்தது. 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனமும் ஐ.பி.எம். 704 கணிப்பொறிக்காக ஒரு நிரலை எழுதின. ஒரு வேலை முடிந்ததும் மனிதர் கை படாமல் அடுத்த வேலையைத் தானே தொடங்கி வைப்பது அதன் பணி.

நம் நாட்டிலும் இம்முறையே வந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1963இல் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி நிறுவப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370 வகைக் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. மாணவர் தம் நிரலை அட்டைகளில் குத்தி, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, விடைத்தாளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் விடைக்குப் பதிலாகப் பிழைச் செய்திதான் வரும். மீண்டும் அட்டை, மீண்டும் வரிசை!

பேட்ச் பைல் பிறந்த கதை

1960களில் பலர் தட்டச்சுப் பலகைகளின் முன் அமர்ந்து ஒரே கணிப்பொறியுடன் நேரடியாகப் பேசும் முறை வளர்ந்தது. அட்டைக்குக் காத்திருக்கும் தொல்லை தீர்ந்தது. ஆனால் புதிய தொல்லை ஒன்று முளைத்தது: அதே ஆணைகளை நாள்தோறும் விரலால் தட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய லூயி பூசேன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், 1963-64இல் 'ரன்காம்' என்னும் நிரலை எழுதினார். ஒரு கோப்பில் எழுதிய ஆணைகளை அது வரிசையாக நிறைவேற்றியது. அட்டைச் சரம் கோப்புக்குள் புகுந்தது எனலாம்.

1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிறு கணிப்பொறி 'டாஸ்' என்னும் இயக்க முறையுடன் வெளிவந்தது. அதில் 'பேட்' என்ற பின்னொட்டுடன் முடியும் கோப்புகளை ஆணைத் தொகுப்பாக எழுத முடிந்தது. 1983 மார்ச்சில் வந்த டாஸின் இரண்டாம் பதிப்பு இதற்கு மூளை கொடுத்தது. 'இஃப்' என்ற சொல்லால் நிபந்தனை கேட்கலாம். 'கோட்டோ' என்ற சொல்லால் வேறு வரிக்குத் தாவலாம். 'ஃபார்' என்ற சொல்லால் பல கோப்புகளுக்கு ஒரே வேலையைச் செய்யலாம். முன்பு பார்த்த வளையம் நினைவிருக்கிறதா? கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குத் தாவச் சொன்னால், அதுவே முனைகள் சேர்த்துக் கட்டிய அட்டைச் சரம். ஆனால் 'இஃப்' என்பது சாதாரண அட்டைச் சரத்தில் இல்லாத புதுமை. அட்டை 'இது நிகழ்ந்தால் அதைச் செய்' என்று சொல்லாது, கோப்பு சொல்லும்.

அதே 1983ஆம் ஆண்டில் மிலன் நகரில் நடந்த பொறிக் கண்காட்சியில் போனாஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டைக் காட்டியது. அட்டைகளின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டது. தறியிடம் கடன் வாங்கியதைக் கணிப்பொறி திருப்பித் தந்தது போலும்!

ஒன்று எழுதிப் பார்ப்போமா?

நாமக்கல்லில் ஒரு லாரி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். அன்றன்றைய கணக்குக் கோப்புகளை மாலையில் வேறொரு வட்டில் நகல் எடுத்து வைக்க வேண்டும். எழுத்தர் நாள்தோறும் தட்டும் ஆணைகளை ஒரு கோப்பில் எழுதுவோம். ஆணைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். அவற்றின் பொருளை மட்டும் இங்கே பாருங்கள்.

1. 'எக்கோ ஆஃப்': ஆணை வரிகளைத் திரையில் காட்டாதே.
2. 'இஃப் நாட் எக்சிஸ்ட்': நகல் வைக்கும் உறை அங்கே இல்லையேல் 'தவறு' என்ற இடத்திற்குத் தாவு.
3. 'எக்ஸ்காப்பி': கணக்குக் கோப்புகளை அந்த உறைக்கு நகல் எடு.
4. 'இஃப் எர்ரர்லெவல் 1': நகல் எடுப்பதில் பிழை நேர்ந்தால் 'தவறு' என்ற இடத்திற்குத் தாவு.
5. 'எக்கோ': 'நகல் எடுத்தாயிற்று' என்று அறிவி. பிறகு 'முடிவு' என்ற இடத்திற்குத் தாவு.
6. 'தவறு' என்ற இடம்: 'நகல் எடுக்கவில்லை, கவனிக்கவும்' என்று அறிவி.
7. 'முடிவு' என்ற இடம். 'பாஸ்': ஒருவர் பொத்தானை அழுத்தும் வரை நில்.

தாவிச் செல்ல வேண்டிய இடத்தின் பெயருக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி இட வேண்டும். நான்காம் வரியில் 1 என்பதற்கு '1 அல்லது அதற்கு மேல்' என்று பொருள். இக்கோப்பை எழுத விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. இன்றைய விண்டோஸ் கணிப்பொறிகளிலும் பேட்ச் பைல்கள் இயங்குகின்றன. அதிலுள்ள 'நோட்பேட்' நிரலே போதும்.

ஒரு துளை தவறினால்

இந்த ஏழு வரிகளில் உண்மையாக நகல் எடுப்பது ஒரே வரிதான். மற்றவை ஏன்? இதுதான் இக்கட்டுரையின் முக்கியச் செய்தி.

அட்டையில் ஒரு துளையைத் தவறிக் குத்திவிட்டால் பூவில் ஓர் இழை பிசகும். சரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே பிசகு வரும். பொறி நல்லதை எவ்வளவு உண்மையாகத் திரும்பச் செய்கிறதோ, தவற்றையும் அவ்வளவு உண்மையாகத் திரும்பச் செய்யும். அட்டை குத்தியவரின் ஒரு நொடிக் கவனக்குறைவு நெய்பவரின் பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடும்.

பேட்ச் பைலில் இது இன்னும் கொடியது. பழைய நகல்களை அழிக்க இரண்டு வரிகள் எழுதுவதாகக் கொள்வோம். முதல் வரி: 'பழைய நகல் உறைக்குள் செல்.' இரண்டாம் வரி: 'இங்குள்ள கணக்குக் கோப்புகளையெல்லாம் அழி.' பார்ப்பதற்குச் சரியாகவே தோன்றுகிறது. ஆனால் ஒரு நாள் அந்த உறையின் பெயரை யாரோ மாற்றிவிட்டனர். முதல் வரி தோற்றுப்போகிறது. பேட்ச் பைல் அங்கே நின்றுவிடுமா? நிற்காது! திரையில் ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குச் செல்லும். அப்போது 'இங்கு' என்பது எது? கணிப்பொறி அந்நேரம் நிற்கும் இடம். அது உண்மைக் கணக்குகள் உள்ள உறையாக இருந்தால், ஆண்டு முழுதும் எழுதிய கணக்கு ஒரு நொடியில் மறைந்துவிடும்.

தறியில் பாவு இழை அறுந்தால் ஜக்கார்டுக்குத் தெரியாது; அறுந்த இழையின் கொக்கியையும் அது தூக்கிக்கொண்டேயிருக்கும். அறுந்ததைக் காண்பது நெசவாளரின் கண். அந்தக் கண்ணைத்தான் பேட்ச் பைலில் 'இஃப்' என்று எழுதி வைக்கிறோம். அது இல்லாத கோப்பு கண் இல்லாத நெசவாளர்.

அட்டை குத்துவது யார்?

ஜக்கார்டு பொறி வந்தபோது லியோன் நெசவாளர்கள் அதை எதிர்த்தனர். வேலை போய்விடும் என்ற அச்சம் இயல்பானதே. நம் நாட்டிலும் வங்கிகளில் கணிப்பொறியை எந்த அளவுக்குப் புகுத்தலாம் என்பது குறித்து 1983இல் ஊழியர் சங்கங்களுக்கும் வங்கிகளுக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட வேண்டியிருந்தது. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைப் பொறி எடுத்துக்கொள்ளும். அதற்கு ஆணை எழுதும் வேலை மனிதரிடமே இருக்கும். அந்த மனிதர் யார் என்பதே கேள்வி.

தறி உள்ள ஊர்களில் வாழும் நமக்கு இது நன்கு தெரியும். வடிவத்தைக் கட்டத்தாளில் வரைந்து அட்டை குத்துபவர் ஒருவர். அந்த அட்டையை வாங்கி மாட்டி நெய்பவர் மற்றொருவர். பூவை மாற்ற வேண்டுமெனில் நெய்பவர் குத்துபவரைத்தான் நாட வேண்டும். சேலத்தில் 1960 முதல் இயங்கிவரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் வடிவமைப்பும் ஒரு பாடமாக இருப்பதன் தேவை இதிலிருந்து விளங்கும். கணிப்பொறியில் பிறர் எழுதிய நிரல்களை மட்டுமே இயக்குபவர் அட்டை வாங்கி நெய்பவரைப் போன்றவர். ஏழு வரியில் ஒரு பேட்ச் பைலைத் தாமே எழுதுபவர் முதல் அட்டையைத் தம் கையால் குத்தத் தொடங்கிவிட்டார்.

மாணவர்களே, நீங்கள் நாள்தோறும் கணிப்பொறியில் செய்யும் ஒரு வேலையின் படிகளை முதலில் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு படிக்கும் எதிரே 'இது நடக்காவிட்டால்?' என்று ஒரு கேள்வி எழுதுங்கள். விடை கிடைத்த பிறகு கோப்பில் எழுதி, வெறும் சோதனைக் கோப்புகள் வைத்த தனி உறையில் ஓட்டிப் பாருங்கள். அழிக்கும் ஆணையின் இடத்தில் முதலில் 'டிர்' என்ற பட்டியலிடும் ஆணையை எழுதுங்கள். எவை அழியப் போகின்றன என்பது திரையில் தெரியும். பட்டியல் சரியாக இருந்தால் மட்டும் 'டிர்' என்பதை நீக்கிவிட்டு 'டெல்' என்று எழுதுங்கள்.