முதல் தடவை சுவிட்ச் போடும்போது: வால்வு ஆம்ப்ளிபயரும் ஒரு குண்டு பல்பும்

கிடார் வாசிப்பவர்களிடம் வால்வு ஆம்ப்ளிபயருக்கு இன்னும் மவுசு குறையவில்லை. கடையில் வாங்கினால் விலை அதிகம் என்பதால் சர்க்யூட்டை எடுத்து வீட்டிலேயே கட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சேஸிஸில் ஓட்டை போடுவது, டிரான்ஸ்ஃபார்மரை முடுக்குவது, சால்டரிங் எல்லாம் பொறுமை இருந்தால் முடிந்துவிடும். கடைசியில் ஒரு கேள்வி பாக்கி இருக்கும். இதை முதல் தடவை எப்படி சுவிட்ச் போடுவது?

சாஃப்ட்வேர் வேலையில் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் புதுசு. எங்கள் வேலையில் புரோகிராம் தப்பாக ஓடினால் நிறுத்தி, திருத்தி, மறுபடி ஓட்டலாம். வால்வு ஆம்ப்ளிபயரில் முதல் பத்து நொடியிலேயே டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடலாம், கையில் ஷாக் அடிக்கலாம். அதனால் இதற்கென்று ஒரு ஒழுங்குமுறை உண்டு. அதன் ஒவ்வொரு படிக்குப் பின்னாலும் யாரோ பட்ட பாடு இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இந்தக் குறிப்பில் தொகுத்திருக்கிறேன்.

மைக் செட்டும் கிடார் ஆம்ப்ளிபயரும்

நம் ஊரில் இந்த அறிவை வைத்திருந்தவர்கள் ரேடியோ மெக்கானிக்குகளும் மைக் செட்காரர்களும்தான். மைக் செட் ஆம்ப்ளிபயரும் கிடார் ஆம்ப்ளிபயரும் அடிப்படையில் ஒரே குடும்பம். ஒரு சின்ன சிக்னல் உள்ளே வருகிறது. சின்ன வால்வு அதன் வோல்டேஜைப் பெருக்குகிறது, பெரிய வால்வு சக்தி கொடுக்கிறது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அதை ஸ்பீக்கருக்குத் தள்ளுகிறது. வாசலில் மைக் இருக்கிறதா, கிடார் பிக்கப் இருக்கிறதா என்பது பெரிய வித்தியாசம் இல்லை.

1904-ல் ஃபிளெமிங் இரண்டு முனை வால்வைக் கண்டுபிடித்தார். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது முனையைச் சேர்த்தார். இருபது வருஷத்துக்குள் அது சென்னையில் பேசத் தொடங்கிவிட்டது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப், 1924 ஜூலை 31-ல் 40 வாட் ஒலிபரப்பியோடு நிகழ்ச்சிகளை ஆரம்பித்தது. 1927-ல் பணமில்லாமல் நின்றது. 1930-ல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை எடுத்து நடத்தியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. இதே 1930-களில், நானிக் மோட்வானேயின் சிகாகோ ரேடியோ நிறுவனம் காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. காந்தி பேசும் பழைய படங்களில் மைக்கின் மேல் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

1954-ல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960-களில் ரேடியோ வால்வுகளை இங்கேயே செய்தது. அந்த வரிசையில் இருந்த ஈ.எல்.84 என்ற விரல் நீள வால்வு ரேடியோவிலும் சின்ன ஆம்ப்ளிபயரிலும் வேலை பார்த்தது. இன்று வீட்டில் கட்டப்படும் சின்ன கிடார் ஆம்ப்ளிபயர்கள் பலவற்றில் இருப்பதும் அதே ஈ.எல்.84தான்.

கையால் கட்டுவதும் கௌரவக் குறைச்சல் இல்லை. லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் 1962-ல் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்து, கிடைத்த பாகங்களை வைத்துக் கட்டியதுதான் முதல் மார்ஷல் ஆம்ப்ளிபயர்.

சீரிஸ் பல்ப்

பழவேற்காடு ஏரிக்கரையில், எங்கள் காட்டூர் பக்கத்தில், மைக் செட் ரிப்பேர் பார்த்த ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "அண்ணே, கட்டி முடிச்ச செட்டை நேரா பிளக்ல சொருகுவீங்களா?" என்றேன். சிரித்தார். "நேரா சொருகறதா? பல்ப் வழியாத்தான் தம்பி குடுப்போம். பல்ப் மங்கினா செட்டு பொழச்சுது. பளிச்சுனு எரிஞ்சா கையை எடுத்துடு."

முழு விஷயமும் இதில் இருக்கிறது. ஒரு மரப்பலகை, ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட், ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்ப். கரண்ட் பல்ப் வழியாகத்தான் ஆம்ப்ளிபயருக்குப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் 230 வோல்ட்டையும் பல்பே வாங்கிக்கொண்டு முழு வெளிச்சத்தில் எரியும். கரண்ட் 0.43 ஆம்பியரைத் தாண்டாது. டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும்.

ஷார்ட் இல்லையென்றால் என்ன ஆகும்? டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 100 வாட் பல்ப் எரியும்போது சுமார் 530 ஓம், அணைந்திருக்கும்போது 40 ஓம் பக்கம். செட் குறைவாக இழுத்தால் இழை சூடாகாது, மின்தடையும் ஏறாது, வோல்டேஜில் பெரும்பகுதி செட்டுக்குப் போய்விடும். செட் அதிகமாக இழுத்தால் இழை சூடாகித் தானே தடுக்கும். சாஃப்ட்வேரில் இப்படித் தானாக மட்டுப்படுத்த நாங்கள் நூறு வரி எழுதுவோம்.

வரிசை முக்கியம்

முதலில் கரண்டே இல்லாமல் மல்டிமீட்டரில் மூன்று பின் பிளக்கின் எர்த், சேஸிஸோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹைடென்ஷன் லைனுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஷார்ட் இருக்கக் கூடாது. பிறகு வால்வு ஒன்றும் போடாமல், சீரிஸ் பல்ப் வழியாக சுவிட்ச். பல்ப் ஒரு கணம் மின்னி அணைந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சரி.

அடுத்து ஸ்பீக்கரைக் கட்டாயம் இணைத்துவிட்டு வால்வுகள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி அதன் காயிலே போய்விடும். வால்வு குளிர்ந்திருக்கும்போது அதன் ஹீட்டர் அதிகமாக இழுக்கும். அதனால் பல்ப் முதலில் நன்றாக எரிந்து, பிறகு செம்மஞ்சளாக மங்கும். அது நல்ல அறிகுறி.

பல்பை எடுத்துவிட்டு நேராக இணைத்த பிறகுதான் சரியான அளவு கிடைக்கும். அப்போது பார்க்க வேண்டிய முக்கியமான இடம் பவர் வால்வின் கேத்தோடு ரெசிஸ்டர். ஈ.எல்.84-க்குத் தயாரிப்பாளர் தரும் கணக்கு: 250 வோல்ட்டில், 135 ஓம் ரெசிஸ்டர் போட்டால், பிளேட்டில் 48 மில்லி ஆம்பியர், ஸ்கிரீனில் 5.5. இரண்டையும் கூட்டி 135-ஆல் பெருக்கினால் 7 வோல்ட் சொச்சம். மீட்டர் 7 காட்டினால் வால்வு நிம்மதியாக இருக்கிறது. 12 காட்டினால் கிட்டத்தட்ட 90 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குள் பிளேட் சிவக்கும். பூஜ்யம் காட்டினால் வால்வில் கரண்டே ஓடவில்லை.

உப்புக் காற்று

பிளேட் சிவப்பதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது ஒரு சின்ன கன்டென்சர். முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து பவர் வால்வின் கிரிட்டுக்கு சிக்னலை மட்டும் விட்டு, டி.சி. வோல்டேஜைத் தடுப்பது அதன் வேலை. அது லேசாக லீக் ஆனாலும் கிரிட்டுக்கு பாசிட்டிவ் வோல்டேஜ் போய், வால்வு தலைகால் தெரியாமல் ஓடும்.

பழைய கன்டென்சர்கள் காகிதமும் மெழுகும். காகிதம் ஈரத்தை உறிஞ்சும். இரண்டாம் உலகப் போரில் வெப்பமண்டலக் காடுகளுக்குப் போன ரேடியோக்கள் ஈரத்தாலும் பூஞ்சையாலும் கெட்டுப்போனதால், சாதனங்களுக்கு வார்னிஷ் பூசுவது தனி வேலையாகவே ஆனது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பேரி என்று இருக்கும் எங்கள் கரைக்கு இது போர்க்காலப் பிரச்சினை இல்லை, தினசரிப் பிரச்சினை. பெரியவர் சொன்னது: "வலை காயறதுக்கு முன்னாடி கன்டென்சர் ஊறிடும் தம்பி." பழைய செட்டிலிருந்து கழற்றிய காகித கன்டென்சரை ஆசைக்காகக்கூட இந்த இடத்தில் போடக் கூடாது. புது பிலிம் கன்டென்சர் சில ரூபாய்தான்.

ஊளை

எல்லா வோல்டேஜும் சரி, ஆனால் சுவிட்ச் போட்ட அரை நிமிஷத்தில் காது கிழிகிற ஊளை. இதற்குப் பின்னால் ஒரு பெரிய கண்டுபிடிப்பே இருக்கிறது.

அமெரிக்காவில் நெடுந்தூர டெலிபோன் லைன்களில் வரிசையாக ஆம்ப்ளிபயர்கள் வைத்தபோது, ஒவ்வொன்றும் குரலைக் கொஞ்சம் சிதைத்தது. பெல் லேப்ஸில் இருந்த ஹெரால்ட் பிளாக் வருஷக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினார். 1927 ஆகஸ்ட் 2 காலை, வேலைக்குப் போகும் வழியில் ஹட்சன் ஆற்றுப் படகில் யோசனை உதித்தது. வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பி அனுப்பினால் சிதைவு குறையும். கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்திலேயே வரைந்தார். நெகடிவ் ஃபீட்பேக் பிறந்த கதை இது. காப்புரிமை கிடைக்க 1937 ஆனது. வேலை செய்யும் என்று நம்பவைப்பதே கஷ்டமாக இருந்தது.

1947-ல் இங்கிலாந்தின் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் வில்லியம்சன் வெளியிட்ட ஆம்ப்ளிபயர் இந்த முறையை வீட்டில் கட்டுபவர்கள் கைக்குக் கொண்டுவந்தது. பிரச்சினையும் கூடவே வந்தது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு ஒயர் இடம் மாறினால், தலைகீழாகப் போக வேண்டிய சிக்னல் நேராகப் போகும். குறைக்க வேண்டியது பெருக்கும். ஆம்ப்ளிபயர் ஆசிலேட்டராகிவிடும். உள்ளூரில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் எந்த ஒயர் எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் முதல் தடவை ஃபீட்பேக் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது நல்லது. பிறகு இணைக்கும்போது சத்தம் குறைந்தால் சரி. ஊளையிட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் அந்த இரண்டு ஒயரையும் மாற்ற வேண்டும்.

ஹம்மிங் மட்டும் இருந்தால் கிடாரே மீட்டர். தடித்த ஈ கம்பியின் மூன்றாவது ஃபிரெட் 98 ஹெர்ட்ஸ். ஹம் அதோடு ஒத்துப்போனால் அது 100 ஹெர்ட்ஸ், ஃபில்டர் கன்டென்சர் பக்கம் போங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் ஒயரையும் எர்த் பாதையையும் பாருங்கள்.

தொடுகிற கை

ரேடியோவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ரேடியோவை நாம் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. மைக்கையும் கிடாரையும் பிடிக்கிறோம். கிடார் கம்பி ஒயர் வழியாக சேஸிஸோடு சேர்ந்திருக்கிறது. 1972 மே மாதம் வேல்ஸில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று பாடும் திருவிழா மேடையை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு ஓட்டுவது எந்த அவசரத்துக்கும் சரியில்லை.

இன்னொன்று, சுவிட்சை அணைத்தாலும் ஃபில்டர் கன்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்து, ரெசிஸ்டர் வழியாக இறக்கிய பிறகுதான் கை வைக்கணும். செட் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் போகும் பாதை நெஞ்சு வழியாக.

குண்டு பல்ப் தீரும் முன்

2015-ல் உஜாலா திட்டம் வந்த பிறகு வீட்டுக்கு வீடு எல்.இ.டி. வந்துவிட்டது. மின்சாரச் சிக்கனத்துக்கு நல்லதுதான். ஆனால் சீரிஸ் போர்டில் எல்.இ.டி. பல்ப் வேலைக்கு ஆகாது. அதில் சூடாகித் தடுக்கும் இழை இல்லை. 100 வாட் குண்டு பல்ப் இப்போது கடைகளில் தேடித்தான் வாங்க வேண்டும். கிடைத்தால் இரண்டு வாங்கி வையுங்கள்.

அந்த பல்பைப் பார்த்தே செட்டின் நாடி சொல்லும் மெக்கானிக்குகளும் குறைந்துவருகிறார்கள். அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. உங்கள் ஊரில் பழைய மைக் செட்காரர் யாராவது இருந்தால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வால்வு போட்டார்கள், டிரான்ஸ்ஃபார்மர் யார் சுற்றிக் கொடுத்தார்கள், முதல் தடவை எப்படி சுவிட்ச் போட்டார்கள் என்று குறித்து வையுங்கள்.