வேதிப் பொறியியல் நம்மிடம் வந்த வரலாறு: பாறசாலைக் கடையிலிருந்து ஒரு பார்வை

மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். வரலாறு என்றாலே ஆய் மன்னர்கள், கல்வெட்டு, சிதறால் மலை என்றுதான் என்னிடம் எதிர்பார்ப்பார்கள். நான் சமணன். அந்த மலையைப் பார்க்க வந்தவர் பாறசாலையிலேயே கடை போட்டு உட்கார்ந்துவிட்டார், அவருடைய மகன் வேறென்ன எழுதுவான் என்று நினைப்பது இயல்புதான். இந்த முறை கல்வெட்டை விட்டுவிட்டு, ஒரு படிப்பின் வரலாற்றைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சொல்லும் பெயர்களில் ஒன்று கெமிக்கல் இன்ஜினியரிங். சில பல்கலைக்கழகங்களில் இப்போது அதற்கு வால் முளைத்து, ‘கெமிக்கல் அண்ட் பயோமாலிக்குலர் இன்ஜினியரிங்’ என்று ஆகியிருக்கிறது. தமிழில் வேதி மற்றும் உயிர்மூலக்கூற்றுப் பொறியியல் எனலாம். என் அண்ணன் பேத்தி சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் படிக்கிறாள். அதைச் சொன்னால் கடைக்கு வருபவர்கள், “ஓ, கெமிஸ்ட்ரியா அண்ணாச்சி?” என்கிறார்கள். கெமிஸ்ட்ரி வேறு, இது வேறு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் விற்கும் சரக்கு ஃபார்மிக் ஆசிட், அமோனியா, சுண்ணாம்பு, உரம். நெய்யாற்றங்கரை, விளவங்கோடு தாலுகாக்களில் ரப்பர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள்தான் வாடிக்கையாளர்கள். காலையில் பால் வெட்டி, தண்ணீர் கலந்து, டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, மெஷினில் இழுத்து ஷீட் ஆக்குவார்கள். போன விடுமுறையில் பேத்தி வந்திருந்தபோது ஒரு டிஷ் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு விளக்கினாள். ரப்பர் துகள் ஒவ்வொன்றையும் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஓர் உறை இருக்கிறதாம். அதன் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் விட்டால் அந்த மின்னூட்டம் போய்விடுகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அமோனியா விட்டால் காரத்தன்மை கூடிப் பாக்டீரியாவும் அடங்கும், பால் பாலாகவே இருக்கும். “தாத்தா, நீங்க இத்தனை வருஷமா பயோமாலிக்குலர்தான் வித்துக்கிட்டிருக்கீங்க” என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பனையேறிகள் இதற்கு மூத்தவர்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால் அக்கானி. தடவாமல் கட்டினால் கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது, சர்க்கரை சர்க்கரையாகவே இறங்கும். புளித்த அக்கானியில் அந்தச் சர்க்கரை உடைந்துபோவதால் எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி சரியாகக் கட்டாது. நொதித்தல் என்பது உயிருள்ளவற்றின் வேலை என்று லூயி பாஸ்டர் 1857-இல் எழுதினார். காரணம் தெரியாவிட்டாலும் கைக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

ஆனால் இதை வைத்து ‘எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று நெஞ்சை நிமிர்த்த எனக்கு விருப்பமில்லை. நம்மிடம் இருந்தது ஒரு சட்டி அளவுக்கான அறிவு. அக்கானி காய்ச்சும் சட்டியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். உள்ளே கொள்ளும் அக்கானி எட்டு மடங்காகிவிடும். நெருப்புப் படும் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். அதே தீ, அதே நேரம் வைத்தால் காய்ச்சல் பிசகிவிடும். பத்தாயிரம் லிட்டர் தொட்டியில் சூட்டை எப்படிச் செலுத்துவது, எப்படிக் கலக்குவது, எப்படிப் பிரிப்பது, எங்கே வெடிக்கும், கழிவு எங்கே போகும் என்பதெல்லாம் சட்டி அறிவில் கிடையாது. அதுதான் வேதிப் பொறியியல். வேதியியலார் குடுவையில் கண்டதை ஆலையில் நடத்திக் காட்டுகிற படிப்பு.

இது உலகத்துக்கே புதிய படிப்புதான். 1887-இல் ஜார்ஜ் டேவிஸ் என்பவர் மான்செஸ்டரில் பன்னிரண்டு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். மறு ஆண்டே அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பாடத்திட்டம் வந்தது. 1915-இல் ஆர்தர் லிட்டில், எந்த ஆலையானாலும் அதன் வேலை காய்ச்சுதல், வடித்தல், உலர்த்துதல், அரைத்தல் முதலான சில அடிப்படைச் செயல்களின் கோவைதான் என்றார். படிப்புக்கு முதுகெலும்பு கிடைத்தது. உயிர்மூலக்கூற்று வால் முளைக்க விதை போட்டது இரண்டாம் உலகப் போர். பெனிசிலின் பூஞ்சையைப் பெருந்தொட்டிகளில் வளர்த்து மருந்தெடுக்கும் ஆலையை வடிவமைத்தவர்களில் முன்னணியில் நின்றவர் மார்கரெட் ஹட்சின்சன் என்ற பெண் பொறியாளர். பெண்பிள்ளைக்கு ஆலைப் படிப்பு எதற்கு என்று கேட்கும் உறவினர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இந்தியாவில் வங்காளம் முந்திக்கொண்டது. 1921-இல் ஜாதவ்பூரில் ஹீராலால் ராய் தொடங்கி வைத்தார். 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதித் தொழில்நுட்பத் துறை வந்தது. அந்தக் காலத்தில் நம் திருவிதாங்கூர் என்ன செய்துகொண்டிருந்தது? மண்ணை விற்றுக்கொண்டிருந்தது. பழிச்சொல் இல்லை, நடந்தது அதுதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது என்பார்கள். அதிலுள்ள தோரியம் அன்றைய காஸ் விளக்குகளின் மாண்டிலுக்குத் தேவைப்பட்டது. மண் இங்கே, வெளிச்சம் ஐரோப்பாவில். மூட்டை கட்டத் தெரிந்த நமக்குப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை. வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், கச்சாச் சரக்கை மட்டும் விற்பவனுக்கு விலை சொல்லும் உரிமை ஒருநாளும் கிடையாது.

1940-களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1943-இல் ஃபாக்ட் உரக் கம்பெனி பதிவாகி, 1947-இல் ஆலுவாய் அருகே உற்பத்தி தொடங்கியது. நிலக்கரிக்கு வழியில்லாததால் காட்டு விறகை எரித்து வாயு எடுத்து அமோனியா செய்தார்கள். 1946-இல் திருவனந்தபுரத்தில் டைட்டானியம் ஆலைக்கு நிறுவனம் அமைந்தது. ஆலை வந்தால் ஆள் வேண்டுமே? 1939-இல் தொடங்கிய திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் இருந்தன. வேதிப் பொறியியல் இல்லை.

அந்தக் குறையைத் தமிழ்ப் பக்கத்தில் தீர்த்தவர் ஒரு வணிகர் என்பது எனக்குத் தனிப் பெருமை. கோட்டையூர் ராம. அழகப்பச் செட்டியார் (1909–1957) ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்க, 1944-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. வேதிப் பொறியியல், நெசவு, தோல் தொழில்நுட்பங்கள் அதன் துறைகள். ஏ.சி. டெக் என்று எல்லோருக்கும் தெரிந்த அது 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்தது. கொச்சி நாட்டில் ஆம்பல்லூரில் பஞ்சாலை நடத்தியவர் அவர். ஆலையில் படித்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்து கொடுத்த கொடை அது. பின்னர் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்காக முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சமும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறப்பு விழா. நம்மில் பலர் மறந்துவிட்டது இன்னொன்று. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை அமைய ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தவரும் அவரே. பிற்பாடு வையாபுரிப் பிள்ளை வந்து பணிபுரிந்த துறை அது. ஆக, ஒரே கை சென்னையில் வேதிப் பொறியியலுக்கும் திருவனந்தபுரத்தில் தமிழுக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறது.

பிறகு 1956 நவம்பர் 1 வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றங்கரையின் தமிழ்ப் பகுதிகளையும் கேட்டது, கிடைக்கவில்லை. பாறசாலை கேரளத்தில், பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்குவதற்குள் வந்துவிடும் களியக்காவிளை தமிழ்நாட்டில். இந்தக் கோடு வேதிப் பொறியியலையும் வெட்டியது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. மணவாளக்குறிச்சி மணல் அந்தப் பக்கம் போயிற்று. மோனசைட்டைப் பிரிக்க 1952-இல் நேரு திறந்துவைத்த ஆலுவாய் ஆலை இந்தப் பக்கம் நின்றது. ஏ.சி. டெக் அந்தப் பக்கம், ஃபாக்டும் டைட்டானியமும் இந்தப் பக்கம். எங்கள் ஊரில் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு, தமிழ்ப் பணத்தில் எழுந்த கல்லூரி வெளிமாநிலக் கல்லூரி ஆகிவிட்டது.

1978-இல் பிரி-டிகிரி முடித்து ஏ.சி. டெக் கனவோடு நானும் அலைந்தேன். பிறப்பிடச் சான்றிதழ் கேட்டார்கள். எல்லைக்கு அப்பால் ஓர் அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா, “உங்க வீடு இந்தப் பக்கம் இருந்திருந்தா இப்பவே எழுதித் தந்திருப்பேன்” என்றார். அவர் விதிப்படிதான் பேசினார். நான் கடைக்குத் திரும்பி, பழைய புத்தகக் கடைகளில் கிடைத்த பாடநூல்களைப் படித்துக்கொண்டேன்.

அப்படிப் படித்ததில் எனக்கு முதலில் பிடிபட்டது பொருட்கணக்கு. முதல் ஆண்டுகளில் மாணவர்களைத் திணறடிக்கும் பாடம் இதுதான் என்கிறாள் பேத்தி. உள்ளே வந்ததில் வெளியே போனதைக் கழித்தால் இருப்பு. பேரேடு எழுதுபவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். நூறு கிலோ ரப்பர் பாலில் உலர் ரப்பர் முப்பத்தைந்து கிலோ என்றால், மீதி அறுபத்தைந்து கிலோவும் கணக்கில் வந்தாக வேண்டும். அது புரதமும் சர்க்கரையும் அமிலமும் கலந்த தண்ணீராக எங்கள் தோடுகளில் ஓடி நாறுகிறது. வேதியியல் மட்டும் படித்தவர் ரப்பர் கிடைத்ததும் நிறுத்திவிடலாம், பொறியாளர் அந்தத் தண்ணீருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதன்பின் வெப்ப இயக்கவியல், பாய்மங்கள், வெப்பக் கடத்தல், பொருட்கடத்தல், வினைக்கலன்கள் என்று போகும். உயிர்மூலக்கூற்றுப் பிரிவில் நொதிகளும் செல் வளர்ப்பும் சேரும். கணக்கு வராத பிள்ளையை வேதியியலில் மதிப்பெண் வாங்கினான் என்பதற்காக மட்டும் இதில் தள்ளாதீர்கள்.

வெளிமாநிலத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு விவரம். என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தாருக்கு. சொந்த மாநிலம் எது என்பதை மொழியோ பூர்விகமோ முடிவு செய்வதில்லை, பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் முடித்தார்கள் என்பதே கணக்கு. திருச்சி, கோழிக்கோடு இரண்டிலும் வேதிப் பொறியியல் உண்டு. ஐ.ஐ.டி.களில் இந்த மாநில ஒதுக்கீடு இல்லை. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பஸ் நிறுத்தத்தில் நின்று, ஒருவன் களியக்காவிளைப் பக்கம் பள்ளிக்குப் போகிறான், இன்னொருவன் நெய்யாற்றங்கரைப் பக்கம் போகிறான். சொந்த மாநில இடம் முதலாமவனுக்குத் திருச்சியில், இரண்டாமவனுக்குக் கோழிக்கோட்டில்.