பொஸ்டனும் வட்டுக்கோட்டையும்: அமெரிக்க மிசனரிமாரின் பிரதிநிதித்துவம் (1816 - 1872)

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனின் வரலாறு பெரும்பாலும் அது நிறுவிய பாடசாலைகளின் வரலாறாகவோ, அது பரப்பிய சமயத்தின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. அதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. தாமாக முன்வந்து கடல் கடந்து பணியாற்ற வந்தோர், தம்மை அனுப்பிய தலைமையகத்துக்குத் தம் நிலையை எவ்வாறு எடுத்துரைத்தனர்? அவர்தம் சொல் எத்துணை எடுபட்டது? இவ்வினாக்களுக்கு விடை காணுமிடத்துக் குடாநாட்டின் கல்வி வரலாறும் தெளிவு பெறுகின்றது.

1810இல் அமைக்கப்பெற்ற அமெரிக்க மிசன் சங்கத்தின் தலைமையகம் பொஸ்டன் நகரில் இருந்தது. அச்சங்கத்தின் சார்பில் 1816இல் டானியேல் பூர் தெல்லிப்பழையிற் பணி தொடங்கினார். பின்னர் வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய இடங்களிலும் நிலையங்கள் எழுந்தன. நிலையங்கள் வெவ்வேறாயினும் மிசனரிமார் தனித்தனியே இயங்கினாரல்லர். ஒன்றுகூடிப் பெரும்பான்மை வாக்கினால் முடிவெடுத்தனர். தம்முள் ஒருவரைச் செயலாளராகத் தெரிந்து, அவர் வாயிலாகப் பொஸ்டனுடன் தொடர்பு கொண்டனர். அவர் எழுதிய மடல் ஒரு தனிமனிதரின் மடலன்று. சபை முழுவதன் குரலாகும். ஆயினும் பாய்க்கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்ற அக்காலத்தில், ஒரு மடல் போய் மறுமொழி வந்துசேர ஓராண்டளவு கழிந்தது. மறுமொழி வந்தபோது கேள்வி பழையதாகிவிடுவதும் உண்டு.

அவர்கள் முகங்கொடுக்க வேண்டியிருந்தது பொஸ்டனுக்கு மட்டுமன்று. 1820இல் அச்சாளர் ஜேம்ஸ் கரெற் யாழ்ப்பாணம் வந்தபோது, பதில் ஆளுநராயிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவர் தங்குவதற்கு இசையவில்லை. மிசனரிமாரின் விண்ணப்பம் பயனளிக்காமற் போகவே கரெற் பம்பாய்க்குச் சென்றார். 1830களிலேயே தடை நீங்கிப் புதியவர் வந்தனர். மானிப்பாயில் அச்சுப்பணியும் வளர்ந்தது.

அடுத்த சோதனை பணத்தினால் வந்தது. 1837இல் அமெரிக்காவில் ஏற்பட்ட நிதி நெருக்கடியாற் சங்கம் செலவுகளைக் குறைக்கப் பணித்தது. கிராமப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான சிறுவர் கல்வியிழந்தனர். பொஸ்டனில் அது கணக்கேட்டின் ஒரு வரி. யாழ்ப்பாணத்தில் அது வெறுமையான திண்ணை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சொல்லாற் கடப்பதே மிசன் மடல்களின் பணியாயிற்று. முறையீடுகளின் பின் நிதி ஓரளவு மீண்டது.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை 1855இல் வந்தது. 1823இல் தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி ஆங்கிலத்தோடு தமிழையும், கணிதம், வானியல் முதலிய துறைகளையும் கற்பித்த உயர்கல்வி நிலையம். ஆனால் பொஸ்டனின் வெளிநாட்டுச் செயலாளர் றூபஸ் அண்டர்சனுக்கு வேறு நோக்கிருந்தது. ஆங்கிலக் கல்வி பெற்றோர் திருச்சபைப் பணியை நாடாது அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர் என்றும், சமயப்பணிக்குச் சுதேச மொழிக் கல்வியே ஏற்றதென்றும் அவர் கருதினார். இம்முறை மடலை எதிர்பார்த்திராது, தாமே தூதுக்குழுவாக வந்தார். செமினரியை உருவாக்கிய பூர் அதற்குச் சில மாதங்கள் முன், 1855 பெப்ரவரியில் வாந்திபேதியால் மானிப்பாயில் இறந்துவிட்டார். அக்கல்வியின் முதல் வழக்கறிஞர் வழக்கு நடந்த வேளையில் இல்லை.

செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் எடுக்கப்பட்ட முடிவுகள் மிசனரிமார் மனமுவந்து எடுத்தனவா, தூதுக்குழுவின் முன்னிலையில் இணங்கி எடுத்தனவா என்ற வினா அமெரிக்காவிலேயே எழுந்தது. 1856இல் அல்பனி நகரிற் கூடிய சிறப்புக் கூட்டம் இதனை ஆராய நேர்ந்தது. மேலாளர் எதிரே அமர்ந்திருக்கப் பெறப்படும் இணக்கம், தொலைவிலிருந்து சுதந்திரமாக எழுதப்பெற்ற மடலுக்கு ஈடாகுமா என்பது இன்றும் சிந்தித்தற்குரியது.

ஆயினும் இப்பிரதிநிதித்துவத்தின் பெருங்குறை வேறு. மிசனரிமார் பொஸ்டனுக்குத் தம்மைப் பிரதிநிதித்துவப்படுத்தினர். முடிவால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட தமிழ் மாணவருக்கோ பெற்றோருக்கோ அச்சபையில் வாக்கு இருக்கவில்லை. அவர்களின் விருப்பம் பிறர் வாய்மொழியாகவே பொஸ்டனை எட்டியது. உத்தியோக நாட்டம் என அண்டர்சன் குறையாகக் கண்டதை, வறண்ட நிலத்து மக்கள் வாழ்வதற்கான வழியாகக் கண்டனர். செமினரியின் மாணவரான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். பின்னவர் பண்டைத் தமிழ் நூல்களைப் பதிப்பித்து அழியாப் புகழ் கொண்டார். செமினரியின் பயனைச் சமயமாற்றக் கணக்கால் மட்டும் அளந்தோர் இத்தகைய பயனை அளவிற் சேர்த்தாரல்லர்.

பழைய மாணவரும் உள்ளூர்க் கிறித்தவரும் உயர்கல்வி வேண்டுமெனத் தாமே வலியுறுத்தலாயினர். அதன் பயனாக 1872இல் ஈ. பி. ஹேஸ்ரிங்ஸ் அதிபராக, செமினரியிருந்த வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. பதினேழு ஆண்டுகளின் முன் பிறர் பேச வேண்டியிருந்த மக்கள், இம்முறை தமக்காகத் தாமே பேசினர். நன்மை செய்ய வந்தோர் தம் தலைமையகத்துக்குத் தம் குறையை உரைத்தல் வேண்டும். யார் பொருட்டு வந்தனரோ அவர்தம் குரலும் அவ்வுரையில் இடம்பெறாதவிடத்து அப்பிரதிநிதித்துவம் பாதியேயாகும் என்பதையே வட்டுக்கோட்டையின் வரலாறு உணர்த்துகின்றது.